ஜான் மியூர் பாதையில் முதல் முறை நடப்பவர்களுக்கு: அனுமதிச் சீட்டு முதல் விட்னி இறக்கம் வரை

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி சிகரத்தில் முடியும் ஜான் மியூர் பாதையின் நீளம் 211 மைல், அதாவது ஏறத்தாழ 340 கிலோமீட்டர். சிகரத்தில் பாதை முடிந்துவிட்டாலும் பயணம் முடிவதில்லை. அங்கிருந்து வாகனம் வரும் இடமான விட்னி போர்ட்டலுக்கு இறங்க இன்னும் 11 மைல் நடக்கவேண்டும். நாளுக்குப் பத்து, பதினோரு மைல் நடப்பவருக்கு மொத்தம் மூன்று வாரம் ஆகும்.

நடப்பதைவிட நடப்பதற்கான அனுமதியைப் பெறுவதிலேயே எனக்குச் சிரமம் அதிகமாக இருந்தது. தகவல்கள் நான்கைந்து அரசு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் காலக்கெடுவும் வேறு. தமிழில் ஓரிடத்தில் திரட்டி எழுதியதாக எதுவும் என் கண்ணில் படவில்லை. நீங்கள் அந்த அலைச்சலைப் படவேண்டாம் என்பதற்காக, எந்த வேலையை எப்போது செய்யவேண்டும் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன். இந்தப் பயணத்தில் உங்கள் கால்களுக்கு முன்னால் நாள்காட்டிதான் நடக்கிறது. எனவே முதல் படிகளைத் தாண்டிக் குதிக்காமல் படியுங்கள்.

1. பருவத்தையும் திசையையும் முதலில் முடிவுசெய்யுங்கள்

புதியவர்களுக்கு ஏற்ற காலம் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. பனிப்பொழிவு அதிகமாக இருந்த ஆண்டுகளில் ஜூலை முழுவதும் உயரமான கணவாய்களில் பனி கிடக்கும். அந்தப் பனி உருகி வரும் ஓடைகளைக் கடப்பது பனியில் நடப்பதைவிட ஆபத்தானது. ஜூலையில் கொசுத் தொல்லையும் கடுமை. ஆகஸ்ட் பிற்பகுதியில் தண்ணீர் குறையும், கொசு அடங்கும். ஆனால் காட்டுத்தீயின் புகை வரக்கூடிய காலமும் அதுவே. எல்லாவற்றையும் எடைபோட்டால் ஆகஸ்டின் முதல் மூன்று வாரங்களில் கிளம்புவதையே நான் பரிந்துரைப்பேன்.

வடக்கிலிருந்து தெற்கே, அதாவது யோசெமிட்டியிலிருந்து விட்னியை நோக்கி நடப்பதே புதியவர்களுக்கு உகந்தது. கணவாய்களின் உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடல் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது: முதலில் 3,370 மீட்டர் உயரமுள்ள டானஹ்யூ கணவாய், பிறகு 3,644 மீட்டரில் மியூர் கணவாய், கடைசிப் பகுதியில் 4,009 மீட்டரில் ஃபாரஸ்டர் கணவாய், முடிவில் 4,421 மீட்டரில் விட்னி சிகரம். பலரும் இதே காரணத்துக்காக இந்தத் திசையையே விரும்புவதால் அனுமதிக்கான போட்டியும் இங்கேதான் கடுமையாக இருக்கிறது.

2. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விசாவை முந்திக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் வசிப்பவர்கள் இந்தப் படியைக் கடந்துவிடலாம். இந்திய, இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பார்வையாளர் விசா தேவை. டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தை நிரப்பி, 185 டாலர் விண்ணப்பக் கட்டணம் செலுத்தி, நேர்காணலுக்கு நாள் பெறவேண்டும். நேர்காணல் நாள் கிடைக்கவே பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், ஏற்கெனவே விசா இல்லாதவர்கள் பயணத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் எஸ்டா என்ற இணைய ஒப்புதலுடன் 90 நாள் வரை தங்கலாம்; இந்தப் பயணத்துக்கு அது தாராளமாகப் போதும்.

நடைபாதை அனுமதி கிடைத்த பிறகு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நடைபாதை அனுமதி ஆறு மாதத்துக்குள் கிடைக்கும் பொருள். விசா நேர்காணல் அந்த ஆறு மாதத்துக்குள் அமையும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

3. அனுமதிச் சீட்டு: இதற்குத்தான் அதிகக் கவனம் தேவை

பாதை யோசெமிட்டி, கிங்ஸ் கேன்யன், சீக்வோயா ஆகிய தேசியப் பூங்காக்கள் வழியாகவும் அவற்றுக்கு இடையிலுள்ள தேசிய வனங்கள் வழியாகவும் செல்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி தேவையில்லை. நீங்கள் நடக்கத் தொடங்கும் இடத்தை நிர்வகிக்கும் அலுவலகம் தரும் ஒரே வனப்பகுதி அனுமதிச் சீட்டு, இடைவிடாமல் நடக்கும்வரை கடைசி வரை செல்லும். ஆகவே "எங்கிருந்து தொடங்குகிறேன்" என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

யோசெமிட்டியிலிருந்து தொடங்குபவர்கள் ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கிக் குலுக்கலில் சேரவேண்டும். ஒவ்வொரு தொடக்க இடத்துக்குமான நாளொன்றின் ஒதுக்கீட்டில் 60 விழுக்காடு, புறப்படும் நாளுக்கு 24 வாரம் முன்பு நடக்கும் வாராந்தரக் குலுக்கலில் போகிறது. ஆகஸ்ட் முதல் தேதி கிளம்ப விரும்புபவருக்கு அந்தக் குலுக்கல் பிப்ரவரி நடுவிலேயே வந்துவிடும். குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை திறந்து சனிக்கிழமை நள்ளிரவுக்கு முன் மூடப்படும். எல்லா நேரமும் பசிபிக் நேரம். வாரத்தின் முதல் நாள் விண்ணப்பித்தாலும் கடைசி நாள் விண்ணப்பித்தாலும் வாய்ப்பு ஒன்றே என்பதால் அவசரப்பட்டுத் தவறாக நிரப்பவேண்டாம். விண்ணப்பத்துக்கு 10 டாலர். கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. கிடைத்தால் ஆளுக்கு 5 டாலர் கூடுதல்.

வெற்றி பெற்ற அனுமதியைக் குறிப்பிட்ட நாளுக்குள் தளத்தில் நுழைந்து ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். அறிவிப்பு மின்னஞ்சல் விளம்பரக் குவியலுக்குள் விழக்கூடும். எனவே முடிவு வரும் வாரத்தில் தளத்துக்கே சென்று பார்த்துவிடுங்கள்.

மீதி 40 விழுக்காடு, புறப்படும் நாளுக்கு 7 நாள் முன்பு பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கிறது. அமெரிக்காவில் இருந்து, நினைத்த வாரம் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு இது நல்ல வழி. விமானச் சீட்டு வாங்கி வருபவர்கள் இதை மட்டும் நம்பி வரக்கூடாது.

புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம், தொடக்க இடத்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பது. யோசெமிட்டியின் பட்டியலில் எத்தனையோ தொடக்க இடங்கள் இருந்தாலும், பூங்காவைத் தாண்டி டானஹ்யூ கணவாய் வழியாகத் தெற்கே செல்ல "டானஹ்யூ கணவாய்க்குத் தகுதியுடையது" என்ற குறிப்பு அந்தப் பெயரோடு இருக்கவேண்டும். ஹேப்பி ஐல்ஸ், லையெல் கேன்யன் ஆகிய இரண்டிலும் இந்தக் குறிப்பு உள்ள வகையும் இல்லாத வகையும் அடுத்தடுத்து இருக்கும். குறிப்பில்லாத வகை எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு விட்னிக்கு நடக்க முடியாது.

ஹேப்பி ஐல்ஸ்தான் பாதையின் உண்மையான தொடக்கம். அங்கிருந்து கிளம்புபவர்கள் முதல் இரவே லிட்டில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைத் தாண்டித் தங்கவேண்டும். முழுப் பாரத்துடன் முதல் நாளே செங்குத்தான நீண்ட ஏற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். லையெல் கேன்யன், யோசெமிட்டியின் உயரமான பகுதியிலுள்ள டுவாலமி மெடோஸ் புல்வெளி அருகே இருக்கிறது. அங்கு தொடங்கினால் பாதையின் முதல் 23 மைல் விடுபட்டுப்போகும், ஆனால் 2,600 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய சமதளமான பள்ளத்தாக்கில் நடை தொடங்கும். என்னைக் கேட்டால், விண்ணப்பத்தில் இரண்டையும் விருப்ப வரிசையில் சேருங்கள். "முழுப் பாதை இல்லையென்றால் வேண்டாம்" என்ற பிடிவாதத்தால் வாய்ப்பையே இழந்தவர்கள் உண்டு. விடுபட்ட பகுதியைப் பாரமில்லாமல் ஒருநாள் நடையாகத் துண்டு துண்டாக நடந்துகொள்ள எந்த அனுமதியும் தேவையில்லை.

விண்ணப்பத்தில் குழுத் தலைவர் பெயரோடு மாற்றுத் தலைவர் பெயரையும் அப்போதே சேருங்கள். அனுமதியை மற்றொருவருக்கு மாற்ற முடியாது. தலைவருக்கு உடல்நலம் கெட்டுப் போனால், மாற்றுத் தலைவர் இல்லாத குழுவின் சீட்டு மொத்தமாகச் செல்லாததாகிவிடும்.

குலுக்கலில் தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால் தெற்கிலிருந்து வடக்கே நடக்கும் வழியைப் பாருங்கள். அந்தப் பக்கத்தை நிர்வகிப்பது இன்யோ தேசிய வனம். விட்னி போர்ட்டலில் இருந்தே தொடங்கக் கேட்பவர்கள் பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை நடக்கும் தனிக் குலுக்கலில் சேரவேண்டும். அதிலும் போட்டி கடுமை. அதைவிட எளிது, சற்றுத் தெற்கே ஹார்ஸ்ஷூ மெடோஸ் பகுதியிலுள்ள காட்டன்வுட் பாஸ் என்ற தொடக்க இடம். அதன் ஒதுக்கீட்டில் ஒரு பகுதி புறப்படும் நாளுக்கு 6 மாதம் முன்பும், மீதி 2 வாரம் முன்பும், காலை 7 மணிக்குத் திறக்கிறது. இதற்குக் குலுக்கல் இல்லை, முந்தியவருக்கே கிடைக்கும். விட்னி சிகரத்தையும் ஏறுவதாக இருந்தால் அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடவேண்டும். விட்னி பகுதிக்குக் கட்டணம் தனி. வடக்கே நடந்து யோசெமிட்டிக்குள் வருபவர்களுக்கு டானஹ்யூ ஒதுக்கீடு பொருந்தாது.

4. மற்ற தாள்கள்

எரிவாயு அடுப்பு பயன்படுத்தக் கலிபோர்னியாவின் தீ அனுமதி வேண்டும். இது இலவசம், இணையத்தில் சிறு காணொளியைப் பார்த்து, சில கேள்விகளுக்கு விடையளித்தால் உடனே கிடைக்கும். அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பூங்கா நுழைவுக் கட்டணம் அனுமதிச் சீட்டில் அடங்காது. யோசெமிட்டிக்கு வாகனம் ஒன்றுக்கு 35 டாலர், வாகனமில்லாமல் வருபவருக்கு ஆளுக்கு 20 டாலர். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் செலுத்தவேண்டும். அவர்களுக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். குழுவாக வருபவர்கள் எது மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காப்பீடு எடுக்கும்போது உயர வரம்பைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் 3,000 மீட்டருக்கு மேல் மலைநடையை ஏற்பதில்லை. இந்தப் பாதையில் பல நாட்கள் அந்த உயரத்துக்கு மேல்தான் இருப்பீர்கள். 4,500 மீட்டர் வரையிலான மலைநடையும் ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கவேண்டும்.

5. உணவுக் கணக்கு

அனுமதிக்கு அடுத்தபடியாகப் பயணத்தைக் குலைப்பது உணவுத் திட்டம்தான். கருங்கரடிகள் உள்ள பகுதி என்பதால், கரடியால் திறக்க முடியாத கெட்டியான கலனில், அதாவது பேர் கேனிஸ்டரில், உணவு முழுவதையும் வைப்பது கட்டாயம். துணிப்பை வகைகள் யோசெமிட்டியில் ஏற்கப்படுவதில்லை. பற்பசை, வெயில் களிம்பு, குப்பை என மணமுள்ள எல்லாமே இரவில் அதற்குள்தான் இருக்கவேண்டும். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் 500 என்ற வகையின் கொள்ளளவு 11.5 லிட்டர், வெறும் எடை ஒரு கிலோவுக்கு மேல். நெருக்கி அடுக்கினால் ஒருவருக்கு ஏழு நாள் உணவு கொள்ளும். அதற்கு மேல் கொள்வது அரிது. யோசெமிட்டி அனுமதி அலுவலகங்களில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் நீங்கள் முடிப்பது இருநூறு மைலுக்கு அப்பால் என்பதால் அஞ்சலில் திருப்பி அனுப்பவேண்டியிருக்கும்.

வடக்குப் பாதியில் உணவு நிரப்பிக்கொள்ளும் இடங்கள் நெருக்கமாக உள்ளன: டுவாலமி மெடோஸ், ஏறத்தாழ 60ஆவது மைலில் ரெட்ஸ் மெடோ, எடிசன் ஏரிக்கரையில் வெர்மிலியன் வேலி ரிசார்ட், பாதையின் பாதித் தொலைவில் மியூர் டிரெய்ல் ரான்ச். கடைசியாகச் சொன்ன இடத்துக்கு உணவை 5 கேலன் பிளாஸ்டிக் வாளியில் மூடி, அங்கு நீங்கள் சென்று சேரும் நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே அஞ்சலில் அனுப்பவேண்டும். சாலை இல்லாத இடம் என்பதால் வைப்புக் கட்டணமே 100 டாலர் அளவில் வரும். அஞ்சல் செலவு வேறு.

சிக்கல் அதன் பிறகுதான். மியூர் டிரெய்ல் ரான்சிலிருந்து விட்னி போர்ட்டல் வரை ஏறக்குறைய 110 மைல். நடுவில் பாதையோரமாக ஒரு கடையும் கிடையாது. நாளுக்குப் பதினோரு மைல் நடந்தால் பத்து நாள். கலனில் கொள்வதோ ஏழு நாள் உணவு. இந்த மூன்று நாள் இடைவெளியை வீட்டில் இருக்கும்போதே தீர்த்துவிடவேண்டும். கியர்சார்ஜ் கணவாய் வழியாகக் கிழக்கே ஏழெட்டு மைல் விலகி ஆனியன் வேலி வாகன நிறுத்தத்துக்கு இறங்கி, இண்டிபென்டன்ஸ் ஊரின் அஞ்சலகத்தில் உணவைப் பெற்றுத் திரும்புவது பெரும்பாலோர் பின்பற்றும் வழி. அதற்கு முழுதாக இரண்டு நாள் கூடுதலாகும் என்றாலும், முதல்முறை நடப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். குளியலும் ஓர் இரவு ஓய்வும் கடைசி நான்கு நாளின் உயரங்களுக்கு உடலைத் தயார் செய்கின்றன. உணவுக்காக வெளியேறித் திரும்பும் திட்டத்தை அனுமதிச் சீட்டு வாங்கும்போதே ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள்.

நாளொன்றுக்கு 700 முதல் 900 கிராம் உலர்ந்த உணவு என்பது நல்ல அளவு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அரிசி, கொண்டைக்கடலை ஆகியவற்றை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுவர முடியாது; பூச்சித் தடுப்பு விதிப்படி விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியையும் விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி ஏற்றமாட்டார்கள். இரண்டையும் கலிபோர்னியாவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. செலவு

அனுமதிக்காகும் பணம் மிகச் சிறியது. பெரிய செலவுகள் கருவிகள், போக்குவரத்து, பயணத்துக்கு முன்னும் பின்னும் தங்குவது ஆகியவை. கூடாரம், தூக்கப்பை, முதுகுப்பை ஆகிய மூன்றும்தான் எடையையும் விலையையும் தீர்மானிப்பவை. அவற்றை வாடகைக்கோ பயன்படுத்திய நிலையிலோ வாங்கினால் செலவு பாதியாகக் குறையும். தூக்கப்பையில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம்; ஆகஸ்டிலும் உயரத்தில் இரவில் தண்ணீர் உறையும். பாதை முழுவதும் பெரும்பாலும் கைபேசி இணைப்பு இல்லை என்பதால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அவசர அழைப்பும் அனுப்பும் கருவிக்கு ஒரு மாதச் சந்தாவையும் கணக்கில் சேருங்கள்.

7. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாள்

யோசெமிட்டிக்கு மெர்செட் ஊரிலிருந்து யார்ட்ஸ் பேருந்து ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கோடையில் மாமத் லேக்ஸ் பக்கமிருந்து டுவாலமி மெடோஸுக்கும் வருகிறது. மகிழுந்தைத் தொடக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனால் முடிவிலிருந்து அதை எடுக்க மலையைச் சுற்றி ஒரு நாள் முழுவதும் பயணம் செய்யவேண்டியிருக்கும். அதைவிட விட்னி அடிவாரத்திலுள்ள லோன் பைன் ஊரில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் வடக்கே வருவது மேல்.

இணையத்தில் கிடைப்பது முன்பதிவு மட்டுமே. சீட்டைத் தலைவரோ மாற்றுத் தலைவரோ புகைப்பட அடையாள அட்டையுடன் அனுமதி அலுவலகத்துக்கு நேரில் சென்று வாங்கவேண்டும். முந்தைய நாளே வாங்கலாம். புறப்படும் நாளில் வாங்குவதானால் முன்பதிவில் குறித்த காலை நேரத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கணவாய்களின் பனி நிலை, பாலங்களின் நிலை, தீயால் மூடப்பட்ட பகுதிகள் ஆகியவற்றை அப்போது கேட்டறியுங்கள். அனுமதி உள்ளவர்கள் முந்தைய இரவு முதுகுப்பை நடையர்களுக்கான முகாமில் சிறு கட்டணத்தில் தங்கலாம். கடல்மட்டத்திலிருந்து நேராக வருபவர்கள் டுவாலமி மெடோஸ் உயரத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டுத் தொடங்குங்கள். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஏறக்கூடாது, குறையாவிட்டால் இறங்கிவிடவேண்டும்.

8. பாதையில் தவறவிடக்கூடாதவை

உயரமான கணவாய்களை நண்பகலுக்கு முன் கடந்துவிடுங்கள். கோடைப் பிற்பகலில் இடியும் மின்னலும் வழக்கமானவை. மியூர், ஃபாரஸ்டர் போன்ற கணவாய்களைச் சுற்றிப் பல மைலுக்கு ஒதுங்க மரம்கூட இல்லை. ஓடைகளை அதிகாலையில் கடப்பது நல்லது, இரவுக் குளிரில் உருகல் குறைந்து நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். குடிநீர் எங்கும் உண்டு, ஆனால் வடிகட்டாமல் குடிக்கக்கூடாது. விறகுத் தீ உயரமான பகுதிகளில் முழுத் தடை. மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் குழி தோண்டவேண்டும், காகிதத்தைத் திரும்ப எடுத்து வரவேண்டும்.

9. விட்னியும் இறக்கமும்

விட்னி பகுதியில் குழி தோண்டவும் கூடாது. மனிதக் கழிவை அதற்கென உள்ள பையில் சேகரித்துக் கீழே கொண்டுவருவது கட்டாயம். அந்தப் பையைச் சீட்டு வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டார் ஏரிப் பக்கம் தங்கி விடியலுக்கு முன் கிளம்புபவர்கள் சிகரத்துக்கான வழி பிரியும் டிரெய்ல் கிரெஸ்ட் பக்கம் பெரிய பையை இறக்கிவைத்துவிட்டுச் சிகரத்துக்குச் சென்று திரும்புவார்கள். அப்படி வைக்கும்போது உணவுக் கலனைப் பையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் மார்மட் என்ற பெரிய அணில்வகை விலங்கு உணவுக்காகப் பையைக் கடித்துக் கிழித்துவிடும்.

விட்னி போர்ட்டலிலிருந்து லோன் பைன் 13 மைல் சாலை. வழக்கமான பேருந்து இல்லை. வாடகை வண்டியை முன்பே பேசி வைக்கலாம். பகலில் இறங்கினால் ஒருநாள் நடையாளர்கள் ஏற்றிச் செல்வதும் வழக்கம்தான். லோன் பைனிலிருந்து மாமத் லேக்ஸுக்கும் ரீனோவுக்கும் செல்லும் ஈஸ்டர்ன் சியரா டிரான்சிட் பேருந்து எல்லா நாளும் ஓடுவதில்லை, இருக்கையும் முன்பதிவு செய்யவேண்டும். எனவே திரும்பும் விமானத்தை, நீங்கள் இறங்கத் திட்டமிட்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று நாள் தள்ளி வாங்குங்கள். லோன் பைன் அஞ்சலகம் வார இறுதியில் திறந்திருக்கும் என்று எண்ணாமல், வாடகைக் கலனைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு வார நாளையும் அந்த மூன்றுக்குள் வையுங்கள்.